ஒரே வீட்டில் வறண்ட மூக்கும் ஈரச் சுவரும்

வாசகி கேள்வி:

ஐயா, நாங்கள் திருச்சிப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்கா வந்து, ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து மிட்ராண்டில் வாடகை வீட்டில் இருக்கிறோம். இது எங்களுக்கு இரண்டாவது குளிர்காலம். ஜூன் பிறந்தாலே ஆறு வயது மகனுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது. வாரத்தில் இரண்டு நாளாவது தலையணை உறையில் கறை. என் வீணையில், ஒட்டு வீணைதான், குடமும் தண்டியும் சேரும் இடத்தில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கிறது. ஆனால் இதே வீட்டில் தெற்குப் பக்கத்துப் படுக்கையறையில், அலமாரிக்குப் பின்னால், சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. காலையில் அந்த அறை ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் வழிகிறது. கணவர் ஈரப்பதமூட்டி வாங்கலாம் என்கிறார். கேப் டவுனில் இருக்கும் நாத்தனார் ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்கச் சொல்கிறார். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார் ஜன்னல்களை அடைத்துவிட்டு, ஹாலில் கேஸ் ஹீட்டர் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைக்கிறார். பேரனோடு அவர்தான் படுக்கிறார். அந்த அறையில் மின்சார ஹீட்டர் ராத்திரி முழுக்க ஓடும், எப்போதும் 24 டிகிரி. எங்கள் வீடு வறண்டதா, ஈரமா? எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் வீடு வறண்டதும்தான், ஈரமானதும்தான். இரண்டும் உண்மை. உங்கள் கணவர், நாத்தனார், மாமியார் மூவரும் ஆளுக்கொரு அறையைப் பார்த்துப் பேசுகிறார்கள். கட்டடங்களின் காற்றோட்டத்தைக் கவனிக்கும் பொறியாளனாக ஜோஹன்னஸ்பர்க் வட்டாரத்தில் பல ஆண்டுகளாக வீடு வீடாகப் போயிருக்கிறேன். குளிர்காலத்தில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான்.

விஷயத்துக்குள் போகுமுன், இன்று இரவே செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் ஹீட்டர் மேலிருக்கும் அந்தப் பாத்திரத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள். ஆறு வயதுப் பிள்ளை ஓடியாடும் வீட்டில் கொதிக்கும் தண்ணீர் அந்த உயரத்தில் இருக்கக் கூடாது. அதைவிடப் பெரிய கவலை, அடைத்த ஜன்னல்கள். சிலிண்டரை உள்ளேயே வைத்து, சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போகிற இந்த ஹீட்டர்களுக்குப் புகைபோக்கி கிடையாது. எரிவதெல்லாம் நீங்கள் மூச்சுவிடும் காற்றிலேயே கலக்கிறது. காற்று போதாமல் எரியும்போது கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, கண் எரிச்சல்கூட இல்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துப் படுத்துவிடாதீர்கள். எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள், பிறகு ஹீட்டரை அணைக்கலாம். கரி போட்டு எரிக்கும் இம்பாவுலா என்கிற தகர அடுப்பை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கி உயிரிழக்கிறவர்கள் இந்த நாட்டில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இருக்கிறார்கள். கேஸ் ஹீட்டர் அதைவிடச் சுத்தமாக எரியும், உண்மைதான். ஆனால் ஆபத்தின் தன்மை ஒன்றுதான். ஆகவே அது எரியும் நேரமெல்லாம் ஹாலில் ஒரு ஜன்னல் இரண்டு விரல் அளவாவது திறந்திருக்க வேண்டும். யாரும் தூங்கும் அறைக்குள் அது போகவே கூடாது. சுவரின் மேல்பக்கம் ஓட்டை போட்ட ஏர் பிரிக் இருந்தால் அதைத் துணியால் அடைக்காதீர்கள். பல வீடுகளில் குளிர் வருகிறதென்று அதைத்தான் முதலில் அடைக்கிறார்கள். மருந்துக் கடையில் காய்ச்சல் பார்க்கும் கருவி வாங்குவதுபோல, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரமும் வாங்கி மாட்டிவிடுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நம் ஊரில் குளிர் என்றாலே ஈரம். மார்கழிப் பனியில் திண்ணை நனைந்திருக்கும், ஐப்பசி அடைமழையில் உப்பு ஜாடி கசிந்து நிற்கும், பொரித்த அப்பளம் அரை மணியில் நமத்துப்போகும். அந்த அனுபவத்தோடு வளர்ந்தவர் குளிர்ந்தால் ஜன்னலை அடைப்பார். உங்கள் மாமியாரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் இருப்பது கடலிலிருந்து வெகு தூரத்தில், ஜோஹன்னஸ்பர்க்கையொட்டிய மேட்டு நிலம். கடல் மட்டத்துக்குமேல் 1,500 மீட்டருக்கும் உயரம். இங்கே மழை கோடையில் பெய்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஏறத்தாழ ஒன்றும் இல்லை. நாத்தனார் இருக்கும் கேப் டவுனில் இதற்கு நேர்மாறு. அங்கே குளிர்காலம்தான் மழைக்காலம், அதனால் அவர் சொல்வது அவர் வீட்டுக்குச் சரி. டர்பனில் உறவுகள் இருந்து அவர்களிடம் கேட்டாலும் அவர்கள் சொல்வது கடற்கரைக் கணக்காக இருக்கும். ஒரே நாடுதான், மூன்று ஊருக்கும் மூன்று காற்று. இங்கே இந்த மாதங்களில் பொரித்த அப்பளத்தை ஒரு தட்டில் திறந்து வைத்துப் பாருங்கள், மறுநாளும் மொறுமொறுவென்று இருக்கும்.

காற்று எவ்வளவு நீராவியைத் தாங்கும் என்பது அதன் வெப்பத்தைப் பொறுத்தது. 4 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 6.4 கிராம் நீராவியைத் தாங்கும். 18 டிகிரியில் 15.4 கிராம். 24 டிகிரியில் கிட்டத்தட்ட 22 கிராம். ஈரப்பதமானியில் நாம் பார்க்கிற சதவீதம், இந்தக் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதுதான். விடியற்காலையில் வெளியே 4 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க ஈரமாகத் தெரிகிறது. ஆனால் அந்தக் காற்றில் இருப்பது கன மீட்டருக்கு 3.8 கிராம் நீர் மட்டுமே. அதே காற்று ஜன்னல் இடுக்கு வழியாக உள்ளே வந்து 24 டிகிரிக்குச் சூடானால், அதே 3.8 கிராம் இப்போது 18 சதவீதம்கூட இல்லை. யாரும் தண்ணீரை எடுக்கவில்லை. குவளை பெரிதாகிவிட்டது, அவ்வளவுதான்.

இதனால்தான் ‘இந்த ஹீட்டர் காற்றை உலர்த்தாது, அந்த ஹீட்டர் உலர்த்தும்’ என்று கடையில் சொல்வதை நான் ஏற்பதில்லை. மின்சார ஹீட்டர் எதுவானாலும், ஆயில் ஹீட்டரோ ஃபேன் ஹீட்டரோ, நீரை எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. எத்தனை டிகிரிக்குச் சூடாக்குகிறீர்கள் என்பது மட்டுமே கணக்கு.

உங்கள் மகன் அறைக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் உயரம் என்று வைத்தால் 30 கன மீட்டர். பழைய மரச் சட்டமோ இரும்புச் சட்டமோ உள்ள ஜன்னல் என்றால், மணிக்கு ஒரு முறை அறைக் காற்று முழுவதும் மாறிவிடும் என்று கொள்ளலாம். தூங்கும் ஒருவர் மூச்சிலும் தோலிலும் மணிக்கு 30, 40 கிராம் நீரை விடுகிறார். பாட்டியும் பேரனும் சேர்ந்து 70 கிராம். அதாவது கன மீட்டருக்கு 2.3 கிராம் கூடுகிறது. வெளியிலிருந்து வந்த 3.8 கிராமோடு சேர்த்தால் 6.1. அறை 24 டிகிரியில் இருந்தால் இது 28 சதவீதம். மூக்கு வறள்கிறது, உதடு வெடிக்கிறது, நைலான் கம்பளியை இழுத்தால் பொறி பறக்கிறது. அதே அறையை 18 டிகிரியில் வைத்தால், அதே நீர் 40 சதவீதம். ஒரு சொட்டுத் தண்ணீரும் சேர்க்காமல், ஒரு ரேண்ட்கூடச் செலவழிக்காமல், மின்கட்டணத்தையும் குறைத்து, வறட்சியின் பெரும்பகுதி போய்விட்டது.

18 டிகிரி குளிராயிற்றே என்று அத்தை சொல்வார். உலகச் சுகாதார நிறுவனம் 2018-ல் வெளியிட்ட வீட்டுவசதி வழிகாட்டுதல்களில், குளிர்காலத்தில் வீட்டுக்குள் இருக்க வேண்டிய குறைந்த அளவாகச் சொன்னது 18 டிகிரியைத்தான். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் அதில் இருக்கிறது. ஆகவே அத்தைக்கு 19, 20 என்று வைத்துக்கொள்ளுங்கள், பிள்ளைக்குக் காலுறை, கம்பளி. 24 வேண்டாம். படுக்குமுன் ஒரு வெந்நீர்ப் பையைப் படுக்கைக்குள் வைத்து எடுத்துவிட்டால், படுக்கை சூடாக இருக்கும், காற்று வறளாது. படுக்கையைச் சூடாக்குவதும் அறையைச் சூடாக்குவதும் ஒன்றல்ல.

அதற்குமேலும் வறட்சி இருந்தால் ஈரம் சேர்க்கலாம். ஆனால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் போதும் என்பது ஆறுதலுக்கு மட்டுமே. கிண்ணத்தின் வாய் சிறியது, அதிலிருந்து ஆவியாவது மணிக்கு 5, 10 கிராம். அந்த அறைக்கு இன்னும் 40, 50 கிராம் வேண்டும். நம் வீட்டுத் தேங்காய்ப்பூத் துண்டு ஒன்றை நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து, நாற்காலி முதுகில் விரித்துப் போடுங்கள். இரண்டு பக்கமும் காற்றுப் படுவதால் அந்த 50 கிராம் தாராளமாகக் கிடைக்கும். அறை 49, 50 சதவீதத்தைத் தொடும். காலையில் துண்டு காய்ந்திருந்தால் அறைக்கு அது தேவைப்பட்டது என்று பொருள். ஈரமாகவே இருந்தால், மறுநாள் வேண்டாம்.

மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்று கணவர் சொன்னால், புகைபோல் பனியைக் கக்குகிற வகையைவிட, உள்ளே ஈரத் திரி வைத்து மின்விசிறியால் ஊதுகிற வகையை வாங்கச் சொல்லுங்கள். புகை கக்குகிறது தண்ணீரில் கரைந்த உப்புகளையும் கிருமிகளையும் சேர்த்தே காற்றில் வீசும். மேஜைமேல் படியும் வெள்ளைத் தூள் அதுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஊற்றினாலும் உப்பு போகாது, வடித்த நீர் வேண்டும். எந்த வகையானாலும் தினமும் பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவி, வாரம் ஒருமுறை வினிகர் போட்டு அலச வேண்டும். அதைச் செய்ய முடியாத வீட்டில் அந்த மெஷின் இருப்பதைவிட ஈரத்துண்டு எவ்வளவோ மேல்.

மகனின் மூக்கைப் பற்றி நான் பேச வேண்டியது குறைவு, அது மருத்துவருடையது. ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காமல் முன்பக்கம் குனியவைத்து, மூக்கின் மிருதுவான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் பிடித்திருங்கள். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் கட்டாயம் காட்டிவிடுங்கள். பருவத்தின் வறட்சிதான் காரணம் என்று நாமே முடிவுகட்ட வேண்டாம். தேங்காய் எண்ணெய் விடுவது நம் வழக்கம் என்றாலும், படுக்கப்போகும் பிள்ளையின் மூக்குக்குள் எண்ணெய் விடாதீர்கள். அது மூச்சுக் குழாயில் இறங்கினால் நுரையீரலுக்குக் கெடுதல். உப்புநீர்த் துளிகள் கடையில் கிடைக்கும். மருத்துவரிடம் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

தெற்கு அறைக்கு வருகிறேன். இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் பூஞ்சையோடு வாழ்வது பிள்ளையின் நெஞ்சுக்கு நல்லதல்ல.

பூமத்திய ரேகைக்குத் தெற்கே வந்துவிட்டோம் என்பது வீடு பார்க்கும்போது நமக்கு நினைவில் இருப்பதில்லை. இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது. வடக்கு ஜன்னலில் குளிர்கால வெயில் உள்ளே வந்து விழும். தெற்குச் சுவருக்கு மூன்று மாதமும் வெயிலே கிடையாது. பல வீடுகளில் சுவருக்குள்ளும் கூரைக்குக் கீழும் வெப்பம் காக்கும் அடுக்கு எதுவும் இல்லை, கண்ணாடி ஒற்றைதான். கட்டடங்களின் ஆற்றல் சிக்கனத்துக்கென்று தேசிய விதி, எஸ்.ஏ.என்.எஸ். 10400-ன் எக்ஸ்.ஏ. பகுதி, 2011-ல்தான் வந்தது. அதற்கு முந்தைய வீடென்றால் சுவர் ராத்திரி முழுக்க வெளிக் குளிரை வாங்கி உள்ளே தந்துகொண்டிருக்கும்.

இப்போது மாலை நேரத்து ஹாலை நினைத்துப் பாருங்கள். இட்லிக் குண்டான், குக்கர், ரசம், குளியலறையில் கீசர் வெந்நீர், ஹாலிலேயே கொடிகட்டிக் காயப்போட்ட துணி. இத்தனையும் நீராவி. இவற்றைவிடப் பெரியது கேஸ் ஹீட்டர். கேஸ் எரிந்தால் நீர் உண்டாகும். ஒரு கிலோ கேஸுக்கு ஒன்றரைக் கிலோவுக்கும் கூடுதலான நீர். நாம் வாங்குகிற 9 கிலோ சிலிண்டர் தீரும்போது சுமார் 14 லிட்டர் தண்ணீர் உங்கள் வீட்டுக் காற்றில் கலந்திருக்கிறது. பெரிய குடத்தில் கொண்டுவந்து ஊற்றியது போல. ஹீட்டரின் மூன்று எரிதகடும் எரிந்தால் மணிக்கு அரை லிட்டர். அதன்மேல் இன்னொரு பாத்திரத்துத் தண்ணீர் எதற்கு?

இப்படி ஹாலில் 20 டிகிரி, 55 சதவீதம் என்று நிற்கும் காற்றில் கன மீட்டருக்கு 9.5 கிராம் நீர் இருக்கிறது. அது ஹாலோடு நிற்காது, கதவிடுக்கு வழியாக வீடு முழுக்கப் பரவும். தெற்கு அறையில் அலமாரிக்குப் பின்னால் உள்ள சுவர் 10 டிகிரியில் இருக்கிறது. 10 டிகிரிக் காற்று தாங்குவது 9.4 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? சுவரில் வேர்க்கும். குளிர்ந்த மோர்ச் செம்பின் வெளிப்புறம் வேர்ப்பதுபோல. பூஞ்சைக்கு நீர் வழியக்கூடத் தேவையில்லை. சுவரையொட்டிய காற்று 80 சதவீதத்தைத் தாண்டிச் சில நாட்கள் நின்றால் அது முளைத்துவிடும். அலமாரியின் முதுகு சுவரோடு ஒட்டியிருப்பதால் அங்கே அறைச் சூடும் போகாது, காற்றும் போகாது.

ஆனாலும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். அது நிஜமாகவே காற்றின் ஈரமா, அல்லது தரையிலிருந்து ஏறும் ஓதமா? ஓதம் தரையையொட்டித் தொடங்கி, முழங்கால், இடுப்பு உயரம் வரை வந்து, மேல் விளிம்பில் வெள்ளை உப்புக் கோடு விட்டிருக்கும். காற்றின் ஈரம் மேல் மூலைகளிலும், சாமான்களுக்குப் பின்னாலும், ஜன்னல் ஓரத்திலும் வரும். தெரியவில்லையென்றால் ஒரு சாண் அளவு அலுமினியத் தாளைச் சுவரில் ஒட்டி, நான்கு ஓரமும் டேப் போட்டு இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிமுகம் நனைந்தால் காற்றின் ஈரம், உள்முகம் நனைந்தால் சுவரின் ஓதம். ஓதமென்றால் நீங்கள் ஹாலில் செய்வது எதுவும் அதைத் தீர்க்காது. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் வீட்டுக்காரருக்குத் தெரிவியுங்கள். வாடகைக்கு இருப்பவர்களின் புகாரைக் கட்டணமில்லாமல் கேட்பதற்கு மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயம் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. வாடகைக்கு இருக்கிறோமே என்று நம் ஆட்கள் வாயை மூடிக்கொண்டு மூன்று நான்கு வருடம் பூஞ்சையோடு குடித்தனம் நடத்துவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன்.

நீங்கள் எழுதியதைப் பார்த்தால் காற்றின் ஈரம் என்றே எனக்குத் தோன்றுகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கையகலம் நகர்த்துங்கள். முடிந்தால் உள்சுவருக்கே மாற்றிவிடுங்கள். சமைக்கும்போது அடுக்களைக் கதவைச் சாத்தி, அடுக்களை ஜன்னலைத் திறங்கள். குளித்தபின் குளியலறை ஜன்னலைத் திறந்து கதவைச் சாத்துங்கள். நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர்: கதவைத் திறந்து, ஆவியை வீட்டுக்குள் விட்டுவிடுகிறோம். துணியை வெளியே போடுங்கள், இந்த வெயிலிலும் காற்றிலும் மதியத்துக்குள் காய்ந்துவிடும். ஆடி பிறந்துவிட்டால் சொல்லவே வேண்டாம், அம்மியும் பறக்கும் என்பார்களே, ஆகஸ்ட் மாதத்து மேட்டு நிலக் காற்று அப்படித்தான் அடிக்கும். புழுதியும் சேர்ந்து வரும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, தினமும் பகல் பதினொன்றிலிருந்து இரண்டு மணிக்குள் கால் மணி நேரம் எதிரெதிர் ஜன்னல்களை முழுசாகத் திறந்துவிடுங்கள். வெளியே இருப்பது வறண்ட காற்று. ஈரம் உறிஞ்சும் மெஷின் செய்யும் வேலையை அது சும்மாவே செய்துதரும், அதனால்தான் நாத்தனார் சொன்ன மெஷின் இந்த ஊரில் உங்களுக்குத் தேவையில்லை என்கிறேன். வீடு குளிர்ந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். சூடு பெரும்பாலும் சுவரிலும் தரையிலும் இருக்கிறது, கால் மணியில் அது போகாது. வடக்குப் பக்கத் திரைகளைப் பகலில் விலக்கி வெயிலை உள்ளே விட்டு, மாலை நான்கரைக்கெல்லாம் இழுத்து மூடுங்கள். ஜூனில் ஐந்தரைக்குள் சூரியன் இறங்கிவிடுகிறது. தெற்கு அறைக் கதவைப் பகலில் திறந்தே வையுங்கள், சிறிது சூடு அந்தச் சுவருக்கும் போகட்டும். இரவில் ஹாலில் கேஸ் ஹீட்டர் எரியும் நேரத்தில் மட்டும் அந்தக் கதவைச் சாத்துங்கள்.

இருக்கிற பூஞ்சையை உலர்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், அதன் தூள் வீடெல்லாம் பறக்கும். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, மூக்கை மூடி, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கறை நின்றால் தண்ணீர் கலந்த ஜிக், அதாவது கடையில் கிடைக்கும் ப்ளீச், போடலாம். ஜிக்கையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். மகன் அந்த நேரத்தில் வேறு இடத்தில் இருக்கட்டும்.

வீணையைப் பற்றி எழுதியிருந்தது என்னைத் தொட்டது. என் மிருதங்கத்தின் வலப்பக்கக் கறுப்புக் கரணையும் இங்கே வந்த முதல் குளிர்காலத்தில்தான் வெடித்தது. வாசிப்பதே ஆறுதலாக இருந்த நாட்கள் அவை.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றுக்கேற்ப நீரை வாங்கும், விடும். 70 சதவீத ஈரப்பதத்தில், நம் ஊரில் சாதாரணமாக இருக்கும் அளவில், மரத்தின் எடையில் நூற்றுக்குச் சுமார் 13 பங்கு நீர் இருக்கும். 25 சதவீதத்தில் அது ஐந்தரைக்கு இறங்கிவிடும். தஞ்சாவூர்க் காற்றில் செய்த பலாமர வீணை இங்கே ஒரே குளிர்காலத்தில் தன் நீரில் பாதிக்கு மேல் இழக்கிறது. இழந்தால் மரம் சுருங்கும். நார் ஓடும் திசையில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். குடமும் தண்டியும் வெவ்வேறு விதமாகச் சுருங்குவதால் ஒட்டில் விரிசல் வருகிறது. மெட்டுகளைத் தாங்கும் மெழுகும் குளிரில் இறுகி எளிதில் உடையும் தன்மைக்கு வந்துவிடும்.

அதை மகன் அறையிலும் வைக்காதீர்கள், வடக்கு ஜன்னல் வெயிலிலும் வைக்காதீர்கள், பூஞ்சை அறையிலும் வேண்டாம். ஹீட்டர் இல்லாத, உள்சுவர் ஓரம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பெட்டி அல்லது தடித்த உறைக்குள், துளையிட்ட சோப்புப் பெட்டி ஒன்றில் நன்றாகப் பிழிந்த பஞ்சு வைத்து, மரத்தில் படாமல் ஓரமாக வையுங்கள். இரண்டு நாளுக்கொரு முறை நனையுங்கள். உள்ளே சிறிய ஈரப்பதமானி ஒன்று இருக்கட்டும், 45-லிருந்து 55-க்குள் நின்றால் போதும். விரிசலில் எண்ணெயோ பசையோ தடவாதீர்கள். இரண்டு மூன்று வாரம் இந்த ஈரத்தில் இருந்தபின் அது தானாகவே பெரும்பாலும் மூடிக்கொள்ளும். வறண்டு விரிந்த நிலையில் பசை வைத்து அடைத்தால், அக்டோபரில் மழை வந்து மரம் ஊதும்போது வேறோர் இடத்தில் வெடிக்கும். மூடிய பிறகு ஒட்டுவது வீணை செய்கிறவர் வேலை. நீங்கள் ஊருக்குப் போகும்போது காட்டலாம்.

இத்தனைக்கும் முன்னால், அந்த கார்பன் மோனாக்சைடு அலாரத்தைத் தவிர, நீங்கள் வாங்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மின்னணு ஈரப்பதமானி. சிறிய விலைக்குக் கிடைக்கும், மூன்று வாங்குங்கள். மகன் அறை, தெற்கு அறை, வீணைப் பெட்டி. கடையில் வாங்கியது சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே சோதிக்கலாம். பாட்டில் மூடி ஒன்றில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல், ஈர மணல்போல ஆகும் அளவுக்கு மட்டும் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அதையும் மானியையும் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு விட்டால், அது 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிக்கொள்ளுங்கள். நம் ஊர் உப்பு ஜாடி மழைக்காலத்தில் கசிவதும் இதே 75-ஐக் காற்று தாண்டுவதால்தான். அம்மா ஜாடியைப் பார்த்து மழைக்காலத்தைச் சொன்னதில் இந்த அறிவியல் இருந்தது.

மானியை ஹீட்டருக்கு மேலோ வெளிச்சுவரிலோ மாட்டாமல், அறை நடுவே, நெஞ்சுயரத்தில் வையுங்கள். காலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒரு வாரம் எழுதி வாருங்கள், பக்கத்தில் டிகிரியையும் குறியுங்கள். தூங்கும் அறை 40-க்கும் 50-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. 30-க்குக் கீழே போனால் சூட்டைக் குறையுங்கள், பிறகு துண்டை நனையுங்கள், இந்த வரிசையில். 60-க்கு மேலே போனால் ஜன்னல். காலையில் கண்ணாடி வேர்த்திருந்தால், மானி என்ன எண் காட்டினாலும், அன்று ஈரத்துண்டு வேண்டாம்.

மகன் அறையை 19 டிகிரிக்கு இறக்குவதை இன்றே தொடங்குங்கள். அத்தையிடம் கணக்கைச் சொல்ல வேண்டாம். இரண்டு தட்டில் அப்பளம் பொரித்து ஒன்றைப் பேரன் அறையிலும் ஒன்றைத் தெற்கு அறை அலமாரிக்குப் பின்னாலும் ஓர் இரவு வைத்துக் காட்டுங்கள். காலையில் அவரே எடுத்துப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஏழு நாள் குறிப்பும், அலுமினியத் தாள் எந்த முகம் நனைந்தது என்பதும் தெரிந்ததும் எழுதுங்கள். உள்முகம் நனைந்திருந்தால் வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுதுவதில் நான் உதவுகிறேன்.